முத்திரை ஒட்டினால் நம்பிக்கை வருமா? – விவாத இழை

இளமாறன்:
கணக்குப் பதிவியல் பாடங்களைக் காணொளிகளாக விற்கும் சிறிய இணையதளம் ஒன்றை இரண்டு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். வருகிறவர்கள் பாட விவரங்களைப் பொறுமையாகப் படிக்கிறார்கள். கட்டணப் பக்கத்தை எட்டியதும் பெரும்பாலோர் வெளியேறிவிடுகிறார்கள். பொத்தானுக்குப் பக்கத்தில் 'முற்றிலும் பாதுகாப்பானது' என்ற முத்திரையையும், பூட்டுப் படத்தையும், சிரித்த முகங்களோடு சில பாராட்டுரைகளையும் சேர்த்தால் போதும் என்கிறார் தளத்தை வடிவமைத்தவர். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் மறுக்கவும் காரணம் தெரியவில்லை.

தூரிகை:
வடிவமைப்பாளர் சொல்வதில் பாதி சரி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், 2,600-க்கும் மேற்பட்டோரிடம் இணையதளங்களைக் காட்டி எது நம்பத்தக்கது, ஏன் என்று கேட்டார்கள். அவர்கள் எழுதிய கருத்துகளில் 46.1 சதவீதம் தளத்தின் தோற்றத்தைப் பற்றியவை. தளத்தை நடத்துபவர் யார் என்பதைப் பற்றியவை 10 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. தனியுரிமைக் கொள்கையைப் பேசியவை 1 சதவீதத்துக்கும் குறைவு. கோணல்மாணலான பக்கத்தில் எவ்வளவு நேர்மையை எழுதி வைத்தாலும் அதைப் படிக்க ஆள் நிற்க மாட்டார்.

கல்வெட்டு:
அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் யாரும் தம் கைப்பணத்தைக் கட்டவில்லை என்பதையும் தூரிகை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். தளங்களைப் பார்த்து மதிப்பிடுவது வேறு, அட்டை எண்ணைத் தட்டச்சு செய்வது வேறு. இளமாறனின் வாசகர்கள் நுழைந்த உடனே ஓடவில்லை. படித்துவிட்டு, பணம் கேட்கும் இடத்தில்தான் நிற்கிறார்கள். ஆகவே தோற்றம் தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது.

முத்திரைகளைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு. இணையதளங்களின் தனியுரிமை நடைமுறைகளுக்குச் சான்று வழங்கிவந்த டிரஸ்ட்ஈ நிறுவனம், ஆண்டுதோறும் செய்வதாகச் சொன்ன மறுஆய்வை 2006 முதல் 2013 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை செய்யாமல் விட்டது என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. 2014-இல் 2 லட்சம் டாலர் செலுத்த உடன்பட்டு அந்நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. உண்மையான முத்திரையின் கதியே இப்படி என்றால், படக்கோப்பாக எவரும் ஒட்டிக்கொள்ளக்கூடிய முத்திரைக்கு என்ன மதிப்பு?

பூட்டுப் படமும் அப்படியே. அது குறிப்பது எஸ்எஸ்எல் சான்றிதழை, அதாவது தளத்துக்கும் பயனருக்கும் இடையே செல்லும் தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்க உதவும் மின்னணுச் சான்றை. அந்தச் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு இலவசமாகவே தருகிறது. மோசடித் தளங்களும் அதை வாங்கி வைத்திருக்கின்றன. இணைப்பு மறையாக்கப்பட்டது என்பதற்கு மட்டுமே அது சான்று. மறுமுனையில் இருப்பவர் யோக்கியர் என்பதற்கு அன்று. மக்கள் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால்தான் 2023-இல் குரோம் உலாவி முகவரிப் பட்டையில் இருந்த பூட்டுச் சின்னத்தையே எடுத்துவிட்டது.

தூரிகை:
கல்வெட்டு தம்மை அறியாமலேயே என் பக்கம் பேசுகிறார். நிறுவனத்தின் பதிவு விவரங்களைச் சரிபார்த்து வழங்கப்படும் விரிவான சான்றிதழ் ஒன்று இருந்ததே, உலாவியில் நிறுவனத்தின் பெயரைப் பச்சை நிறத்தில் காட்டுமே, அது என்ன ஆயிற்று? பயனர்களுக்கு அது எதிர்பார்த்த பாதுகாப்பைத் தரவில்லை என்று கண்டு, 2019-இல் குரோமும் பயர்பாக்ஸும் அதை முகவரிப் பட்டையிலிருந்து நீக்கின. மெய்யாகவே சரிபார்த்த தகவலைக்கூட மக்கள் கவனிக்காதபோது, நீங்கள் அடுக்கும் ஆதாரங்களை யார் பார்க்கப்போகிறார்கள்?

கல்வெட்டு:
கவனிக்காதது உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது கண்ணில் படாத இடத்தில், எவருக்கும் விளங்காத மொழியில் இருந்தது. மொத்தம் எவ்வளவு ஆகும், பிடிக்காவிட்டால் எத்தனை நாளுக்குள் பணம் திரும்பும், சிக்கல் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்ற மூன்றும் பொத்தானுக்கு மேலேயே எழுதப்பட்டிருந்தால், அதைக் கவனிக்கத் தனிப் பயிற்சி வேண்டியதில்லை. அதோடு, எழுதியபடி நடக்காவிட்டால் வாங்கியவர் அதையே எடுத்துக் காட்டிக் கேட்கலாம். முத்திரையைக் காட்டி என்ன கேட்க முடியும்?

நெய்தல்:
வாங்குகிறவளின் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். சென்ற ஆண்டு ஒரு தளத்தில் சந்தா சேர்ந்தேன்; அழகிலும் குறையில்லை, முத்திரைகளுக்கும் பஞ்சமில்லை. சேர ஒரே சொடுக்கு போதுமாக இருந்தது. விலகுவதற்கோ ஆறு பக்கங்களைக் கடந்து, கடைசியில் மின்னஞ்சல் எழுதிக் காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து, எந்தத் தளத்திலும் முதலில் விலகும் வழி எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்த பிறகே அட்டையை எடுக்கிறேன். இது என் தனிப்பட்ட எரிச்சல் மட்டுமன்று: தளங்கள் நம் உலாவியில் சேமிக்கும் குக்கீகள் எனும் சிறு தரவுக் கோப்புகளை ஏற்பது எளிதாகவும் மறுப்பது கடினமாகவும் இருந்ததற்காகப் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்கிற்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததாக 2022 ஜனவரியில் அறிவித்தது.

பாராட்டுரைகளைப் பற்றி: ஐந்து பேரும் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தால் நான் ஒருவரையும் நம்புவதில்லை. 'மூன்றாம் பாடத்தில் ஒலி தெளிவில்லை' என்று ஒருவர் எழுதி, 'மீண்டும் பதிவு செய்து ஏற்றிவிட்டோம்' என்று தளத்தார் பதில் தந்திருந்தால், அந்தத் தளத்தில் ஆள் இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறேன்.

தூரிகை:
அழகாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் குறைகூறும் கருத்தை முதல் பக்கத்தில் வைக்கச் சொல்லி எந்த வணிகரிடமும் நான் பரிந்துரைக்க மாட்டேன். நேர்மைக்கும் தற்கொலைக்கும் இடையில் கொஞ்சம் தூரம் இருக்கட்டும். மற்றபடி, தொகையையும் திருப்பித் தரும் விதியையும் பொத்தானுக்கு மேலே வைப்பதும் வடிவமைப்பு வேலைதான் என்பதைக் கல்வெட்டு மறக்க வேண்டாம்.

இளமாறன்:
இன்று காலை, புதிதாக வருகிறவரைப் போல என் தளத்தில் நானே ஒரு பாடத்தை வாங்க முயன்றேன். வரி சேர்ந்த மொத்தத் தொகை கடைசிப் பக்கத்தில்தான் தோன்றுகிறது. அதைப் பார்த்து எனக்கே துணுக்கென்றது. பணத்தைத் திருப்பித் தருவதுண்டு, ஆனால் அது எங்கும் எழுதப்படவில்லை. 'எங்களைப் பற்றி' பக்கத்தில் இருக்கும் நால்வரும் ஆயத்தப் படங்களைத் தரும் படவங்கியிலிருந்து எடுக்கப்பட்டவர்கள். உண்மையில் இங்கே நான் ஒருவன்தான். அந்தப் படத்தை எடுத்துவிட்டேன். மொத்தத் தொகையை முதல் பக்கத்துக்குக் கொண்டுவரும்படி வடிவமைத்தவரிடம் கேட்டிருக்கிறேன். பூட்டுப் படத்தை எந்த மூலையில் வைப்பது என்று அவர் பதில் எழுதியிருக்கிறார்.