ஆஸ்டியோபதிக்குத் தமிழ் என்ன? திங்களுக்குள் வேண்டும்

கீழக்கரை, மொழிபெயர்ப்பவர்:

இங்கிலாந்தில், தசை, மூட்டு வலிக்குக் கையாலேயே சிகிச்சை செய்கிற ஆஸ்டியோபத்திடம் முதன்முறை போகும் நம் மக்களுக்காக ஒரு துண்டறிக்கை. திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். உள்ளே இருப்பதில் சிக்கல் இல்லை. முதல் நாள் முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகும். பழைய நோய், சாப்பிடும் மாத்திரை எல்லாம் கேட்பார். சில உடுப்புகளைக் கழற்றச் சொல்லலாம், கூச்சமென்றால் துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். குனி, திரும்பு என்பார். அப்புறம் கையால் அழுத்தி, நீவி, இழுத்துவிடுவார். தலைப்பில்தான் மாட்டிக்கொண்டேன். 'எலும்பு மருத்துவர்' என்று போட்டேன். உம்மா வாசித்துவிட்டு, "யாருக்கு வாப்பா எலும்பு முறிஞ்சுச்சு?" என்கிறார்கள்.

தேவிபட்டினம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

உம்மா கேட்டது நியாயம். அந்தப் பெயரை ஆர்த்தோ டாக்டர்கள் எப்போதோ பட்டா போட்டுவிட்டார்கள். எலும்புக்கு நம்மிடம் 'என்பு' இருக்கிறதே. 'அன்புடையார் என்பும் உரியர் பிறர்க்கு.' வேற்றுமைப் புணர்ச்சியில் அது எற்பு ஆகும். எற்புடம்பு, இருப்புப்பாதை போல. ஆகவே 'எற்புநீவியல்', செய்பவர் 'எற்புநீவியர்'.

பாம்பன், செவிலியர்:

ஐயா, அவசரத்தில் அதை 'ஏற்பு' என்று படிப்பார்கள். இலங்கைத் தமிழர் டெட்டனஸை ஏற்பு என்பார்கள். துண்டறிக்கையைப் பார்த்துவிட்டு ஊசி எங்கே என்று கேட்டால்?

மேலும், இதில் எலும்பே முக்கியமில்லை. 1874இல் அமெரிக்காவில் இதைத் தொடங்கிய ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில், பின்னால் கிரேக்கத்தில் எலும்பு, துன்பம் இரண்டையும் ஒட்டிப் பெயர் வைத்துவிட்டார். கை போவதெல்லாம் தசைக்கும் மூட்டுக்கும்தான். இங்கே கரைவலை இழுத்து இடுப்புப் பிடித்தவரும், பாசி எடுக்கப் போய்க் கழுத்துத் திரும்பாமல் வரும் அக்காவும் 'சுளுக்கு' என்றுதான் சொல்கிறார்கள். 'சுளுக்கு வைத்தியர்' போதாதா?

தொண்டி, சித்த மருத்துவ மாணவர்:

சித்தத்தில் கையால் உடம்பை நீவிப் பிடித்துவிடும் தொக்கணம் இருக்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று ஒன்பது வகை. 'தொக்கணர்' எனலாம். தொடு என்பதிலிருந்துதான் தொக்கு வந்திருக்க வேண்டும்.

தேவிபட்டினம்:

தம்பி, தோலைக் குறிக்கும் தொக்கு வடமொழி த்வக். தக்காளித் தொக்கு வேறு. மூன்றையும் ஒரே சட்டியில் போடாதீர்கள். இதைப் பற்றித் தனியே நீளமாக எழுதுகிறேன்.

கீழக்கரை:

எழுதுங்கள் ஐயா, திங்களுக்குப் பிறகு. சுளுக்கு வைத்தியர் என்று போட முடியாது. பிரிட்டனில் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்தவர் மட்டுமே ஆஸ்டியோபத் என்று பலகை மாட்டலாம். பதிவேட்டில் தேட நோயாளிக்கு அந்தப் பெயரே வேண்டும். இன்னொரு உதவி: சில சமயம் மூட்டில் 'மடக்' என்று சத்தம் கேட்குமாம், மூட்டுநீரில் உண்டாகும் வாயுக்குமிழியால். 'சொடுக்கொலி' என்று எழுதியிருக்கிறேன்.

பாம்பன்:

காக்கா, 'நெட்டி முறிக்கிற மாதிரி சத்தம்' என்று எழுதுங்கள். ஒருவரும் பயப்பட மாட்டார்கள். மறுநாள் உடம்பு அடித்துப் போட்டது போல இருக்கலாம், ஓரிரு நாளில் சரியாகும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் எலும்பு மெலிந்து பலமிழந்தவர்களும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த வரியைத் தலைப்பைவிடப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

கீழக்கரை:

ஞாயிறு இரவு பதினொன்றரை. தலைப்பு 'ஆஸ்டியோபதி'. அடியில் சிறிதாக, 'கையால் செய்யும் தசை, மூட்டுச் சிகிச்சை'. மூன்று பேர் சரி என்றுவிட்டீர்கள். அனுப்புகிறேன்.

தேவிபட்டினம்:

நான் சரி சொல்லவில்லை. ஆஸ்டியோபதி என்றால் ஹோமியோபதிக்குத் தங்கச்சி என்று நினைத்து, சீனி உருண்டை வாங்கக் குப்பியோடு போய் நிற்பார்கள். எற்புநீவியல் பற்றிய என் குறிப்பு நாளை வரும்.