மூன்று ஞாயிறும் அதே ஆட்டம்: இந்தியா–பாகிஸ்தானை இப்படித் திரும்பத் திரும்ப மோதவிட வேண்டுமா?

ஆஃப்ஸ்பின் பிரியன்:
2025 ஆசியக் கோப்பை கிரிக்கெட். செப்டம்பர் 14, 21, 28 என மூன்று ஞாயிறும் துபாயில் இந்தியா–பாகிஸ்தான். மூன்றிலும் இந்தியா வெற்றி. 1984இல் தொடங்கிய கோப்பையில் இந்த இரு அணிகளும் இறுதிப்போட்டியில் சந்தித்தது இதுதான் முதல் தடவை. அதற்குரிய பரபரப்பை முந்தைய இரண்டு ஞாயிறுகளே தின்றுவிட்டன.

2013 சாம்பியன்ஸ் டிராஃபி முதல், ஐசிசி (சர்வதேச கிரிக்கெட் கவுன்சில்) நடத்தும் ஆண்கள் ஒருநாள், டி20 தொடர்களில் பிரிவு பிரிக்கும் போதெல்லாம் இரண்டு அணிகளும் ஒரே பிரிவில்தான். ஒளிபரப்புக் காசுக்காகச் செய்யும் ஏற்பாடு இது. நிறுத்த வேண்டும்.

தென்காசி கீப்பர்:
ஒத்துக்க மாட்டேன் சார். திரும்பத் திரும்ப மோதினாத்தான் பகையும் வரும், மரியாதையும் வரும். ஆஷஸ் டெஸ்ட் தொடர் 1882லேருந்து இங்கிலாந்து, ஆஸ்திரேலியான்னு அதே ரெண்டு நாடுதானே? 2013–14ல அடுத்தடுத்து பத்து டெஸ்ட். சொந்த மண்ணுல 3-0னு ஜெயிச்ச இங்கிலாந்து, ஆஸ்திரேலியா போய் 5-0னு தோத்துச்சு. யாருக்கு அலுத்துச்சு?

நம்ம கதையே எடுங்க. 2017 சாம்பியன்ஸ் டிராஃபியில ஜூன் 4 நாம 124 ரன்ல ஜெயிச்சோம். ஜூன் 18 ஃபைனல்ல 180 ரன்ல தோத்தோம். முதல் ஆட்டம் நடக்கலேன்னா அந்த ஃபைனல் அவ்வளவு வலிச்சிருக்குமா?

ஆஃப்ஸ்பின் பிரியன்:
நான் 1999 சேப்பாக்கத்தைச் சொல்கிறேன். ஒன்பது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு நடந்த டெஸ்ட். இலக்கு 271. முதுகுவலியோடு சச்சின் 136 அடித்தும் 12 ரன்னில் தோற்றோம். ஜெயித்த பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்தபோது சென்னைக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அரிதாக வந்ததால்தான் அந்த ஆட்டத்துக்கு அந்த மதிப்பு.

தென்காசி கீப்பர்:
அங்கதான் தப்பா கணக்குப் போடறீங்க. டெஸ்ட்தான் நடக்கலை, ஒருநாள் ஆட்டம் நிக்கவே இல்லை. ஷார்ஜாவுல நடந்தது ஒரு பக்கம். 1996, 97, 98னு மூணு வருஷமும் டொராண்டோல அஞ்சு அஞ்சு ஆட்டம். 1997 மே மாசம் அதே சேப்பாக்கத்துலதான் பாகிஸ்தானோட சயீத் அன்வர் 194 அடிச்சார், அன்னைக்கு உலக சாதனை. பாகிஸ்தான் பவுலர்கள் வாசிம் யாரு, சக்லைன் யாருன்னு அந்த கேலரிக்கு நல்லாத் தெரியும். பார்த்துப் பார்த்துப் பழகின கூட்டம், அதனாலதான் எழுந்து நின்னுச்சு.

ஆஃப்ஸ்பின் பிரியன்:
பழக்கத்தால் வந்த கைதட்டல் என்றே வைத்துக்கொள்வோம். இப்போது நடக்கும் ஆட்டங்களில் அந்தப் பழக்கம் எங்கே வளர்கிறது? கடைசி டெஸ்ட் 2007 டிசம்பரில், பெங்களூரில். இருதரப்புத் தொடர் 2012–13உடன் முடிந்தது. துபாயில் மூன்று ஆட்டத்திலும் இரு அணியும் கைகூடக் குலுக்கவில்லை. இங்கே திரும்பத் திரும்ப வருவது கோபம் மட்டும்தான். டிவியில் அதே பழைய காட்சிகள், அதே சத்தம். விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேச ஆளில்லை. எனக்கு உண்மையிலேயே மனசு வலிக்கிறது.

வடபழனி ஸ்கோரர்:
இரண்டு பேரும் மற்ற நாடுகளை மறந்துவிட்டீர்கள். 2007 உலகக் கோப்பையில் மார்ச் 17 அன்று ஒரே நாளில் இந்தியா வங்கதேசத்திடமும், பாகிஸ்தான் அயர்லாந்திடமும் தோற்றன. இரண்டுமே முதல் சுற்றோடு வெளியேறின. ஏப்ரல் 15, பார்படாஸில் இந்தியா–பாகிஸ்தான் என்று எல்லோரும் எதிர்பார்த்த நாளில் வங்கதேசமும் அயர்லாந்தும் ஆடின. அயர்லாந்து 74 ரன்னில் வென்றது. கிரிக்கெட் வளர்வது அப்படித்தான். ஆனால் அன்று 16 அணிகள் ஆடிய கோப்பையை 2019இல் 10 அணியாகச் சுருக்கினார்கள். இந்தியாவுக்கு ஒன்பது ஆட்டம் உறுதி. அயர்லாந்துக்கு இடமே இல்லை. பெரிய அணிகளின் ஆட்டத்தைத் திரும்பத் திரும்பக் காட்ட, சின்ன அணிகளின் நாற்காலியை எடுத்துவிட்டார்கள்.

தென்காசி கீப்பர்:
ஸ்கோரர் அண்ணே, அயர்லாந்து விஷயத்துல உங்க பக்கம்தான் நான். அது அநியாயம். ஆனா அதுக்கு மருந்து அணிகளைக் கூட்டறது. இந்த மோதலைக் குறைக்கறது இல்லை. எனக்கு இன்னும் வேணும், அதுவும் டெஸ்டா வேணும்.

ஆஃப்ஸ்பின் பிரியன்:
டெஸ்ட் என்றால் நானும் முதல் ஆளாக டிக்கெட் வாங்குவேன். ஆனால் 2027 உலகக் கோப்பைக்கு 14 அணிகள், இரண்டு பிரிவு என்று அறிவித்திருக்கிறார்கள். பிரிவைக் கேமரா முன்னால் குலுக்கிப் போடட்டும். இரண்டும் ஒரே பிரிவில் விழுந்தால் நான் வாய் திறக்க மாட்டேன்.

தென்காசி கீப்பர்:
வேற வேற பிரிவுல விழுந்து, 2007 மாதிரி ரெண்டும் முதல் சுற்றோட கிளம்பிட்டா?

வடபழனி ஸ்கோரர்:
கிளம்பட்டும். ஜெயித்த அணிகளின் ஆட்டத்தைப் பார்ப்போம்.