சென்னையில் பிளாஸ்மா மட்டும் தனியாகக் கொடுக்க முடியுமா?

வேளச்சேரிக்காரன் கேட்டது:
வணக்கம். வயசு 27, எடை 62 கிலோ. ரத்தம் மூணு தடவை கொடுத்திருக்கேன். அமெரிக்காவில் இருக்கிற மச்சான் வாரம் ரெண்டு தடவை பிளாஸ்மா கொடுத்துக் காசும் வாங்குறான். இங்கே அப்படிக் கொடுக்க முடியுமா? எவ்வளவு நேரம் ஆகும்? வலிக்குமா?

மஞ்சள்பை:
முதல்ல காசு விஷயம். இந்தியாவில் ரத்தத்தையோ அதிலிருந்து பிரிச்சதையோ காசுக்குக் கொடுக்கக் கூடாது. 1996-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 ஜனவரி 1 முதல் அதுக்குத் தடை. உங்க மச்சான் இருக்கிற அமெரிக்காவில் ஏழு நாளில் ரெண்டு தடவை வரை எடுக்கலாம், நடுவில் ஒரு நாளாவது விடணும். அல்புமின், இம்யூனோகுளோபுலின் மாதிரி ரத்தப் புரத மருந்துகளைத் தயாரிக்கிற கம்பெனிகளுக்கு அது போகுது. இங்கே ஒரு தடவைக்கு 500 மில்லி, மாசத்துக்கு 1000 மில்லி, அதுக்கு மேல் கூடாது.

இன்னொண்ணு, நீங்க கொடுத்த ரத்தத்திலேயே பிளாஸ்மாவும் இருந்தது. பிரிக்கிற வசதி உள்ள வங்கியில் பையை சென்ட்ரிஃப்யூஜில் சுத்தி, மேலே தெளிஞ்சு நிக்கிற மஞ்சள் திரவத்தைத் தனிப் பைக்குத் தள்ளுவாங்க. 450 மில்லி பையில் சுமார் 200 மில்லி தேறும். சில மணி நேரத்துக்குள் உறைய வெச்சு மைனஸ் 30 டிகிரியில் வெச்சா ஒரு வருஷம் தாங்கும். அதனால இங்கே பிளாஸ்மாவுக்குன்னு தனியா ஆள் கூப்பிடுறது அபூர்வம். 2020-ல் ஜெனரல் ஆஸ்பத்திரியில் கோவிட்டிலிருந்து குணமானவங்க பிளாஸ்மாவை நோயாளிகளுக்கு ஏத்துறதுக்காக ஒரு பிளாஸ்மா வங்கி திறந்ததிலிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வருது. அந்த சிகிச்சையை 2021 மே மாசமே கோவிட் சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்து எடுத்துட்டாங்க.

ஒண்ணை மட்டும் தனியா கொடுக்கணும்னா அதுக்கு மெஷின் இருக்கு: ரத்தத்தை எடுத்து, வேண்டியதை மட்டும் பிரிச்சுட்டு, மீதியை உங்களுக்கே திருப்பி ஏத்தும். அப்படி மெஷினில்தான் கொடுக்கணும்னா, பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவுற தட்டணு) கொடுங்க. வாட்ஸப்பில் 'எஸ்டிபி (ஒரே ஆளிடமிருந்து எடுக்கிற பிளேட்லெட்) தேவை'ன்னு வருதே, அதுதான். டெங்கு சீசனிலும் புற்றுநோய் வார்டுகளிலும் அதுக்குத்தான் அலையுறாங்க. பிளேட்லெட் ஐந்து நாள்தான் தாங்கும், சேர்த்து வைக்க முடியாது.

நரம்புதேடி:
மெஷின் முறை பிளாஸ்மா, பிளேட்லெட் ரெண்டுக்கும் ஒண்ணுதான். எடை 50 கிலோவுக்கு மேல், ஹீமோகுளோபின் 12.5, பிளேட்லெட்டுன்னா எண்ணிக்கை ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கணும். முழு ரத்தம் கொடுத்து 28 நாள் ஆகியிருக்கணும். மூணு நாளுக்குள் ஆஸ்பிரின் போட்டிருந்தா பிளேட்லெட் எடுக்க மாட்டாங்க. டெங்கு வந்து குணமானவங்க ஆறு மாசம் காத்திருக்கணும்.

பிளேட்லெட்டுக்குப் பொதுவா முதல்ல சாம்பிள் எடுத்து, எச்ஐவி, மஞ்சள் காமாலை பரிசோதனை முடிவு வந்த பிறகுதான் படுக்க வைப்பாங்க. அதனால அரை நாள் ஒதுக்குங்க. மெஷினில் இருக்கிறது ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி.

ஊசி கொஞ்சம் தடிமன், குத்துறப்போ சுருக்குன்னு இருக்கும், அவ்வளவுதான். கைப்பட்டை இறுகினா ரத்தம் வெளியே போகுதுன்னு அர்த்தம், அப்போ பந்தை அமுக்குங்க. பட்டை தளர்ந்தா சிவப்பணு திரும்பி வருது, கையைச் சும்மா விடுங்க. திரும்பற ரத்தம் ஆறியிருக்கிறதால கை ஜில்லுன்னு ஆகும், குளிரெடுத்தா போர்வை கேளுங்க.

வேளச்சேரிக்காரன்:
உதடு மரத்துப் போகும்னு சொல்றாங்களே, அது ஏன்? சாப்பிட்டுட்டுப் போகணுமா?

நரம்புதேடி:
குழாயில் ரத்தம் உறையாம இருக்க சிட்ரேட் சேர்ப்பாங்க. அதில் கொஞ்சம் உங்க உடம்புக்குள்ளே போய் கால்சியத்தைப் பிடிச்சுக்கும். அதான் உதட்டிலும் விரல் நுனியிலும் குறுகுறுப்பு. வந்த உடனே சொல்லுங்க, மெஷின் வேகத்தைக் குறைச்சு கால்சியம் மாத்திரை கொடுப்பாங்க, சில நிமிஷத்தில் போயிடும். 'தாங்கிக்கலாம்'னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தா தசை இழுக்க ஆரம்பிக்கும்.

வெறும் வயித்தோட போகாதீங்க. இட்லி, இடியாப்பம் சரி. பூரி, வடை, பிரியாணி வேண்டாம். கொழுப்பு ஏறின பிளாஸ்மா பால் மாதிரி கலங்கி நிக்கும், அந்தப் பையை ஒதுக்கிடுவாங்க. முந்தின நாளிலிருந்தே தண்ணி நல்லா குடிங்க, நரம்பு எடுப்பா தெரியும்.

மஞ்சள்பை:
ரெண்டு விஷயம் விட்டுப்போச்சு. ஊசி எடுத்ததும் முழங்கையை மடக்காதீங்க. கையை நீட்டி, பஞ்சை அஞ்சு நிமிஷம் அழுத்திப் பிடிங்க. மடக்கினாத்தான் உள்ளே கசிஞ்சு நீலம் கட்டும். கட்டிட்டா முதல் நாள் ஐஸ் ஒத்தடம்.

நடுவில் மெஷின் நின்னுட்டா குழாயில் இருக்கிற சிவப்பணு உங்களுக்குத் திரும்பாம போகலாம். எவ்வளவு போச்சுன்னு கேட்டுக்கோங்க. அதிகம்னா முழு ரத்தம் கொடுத்த மாதிரி 90 நாள் விடணும். எல்லாம் ஒழுங்கா முடிஞ்சா பிளாஸ்மா ஓரிரு நாளில் ஊறிடும், பிளேட்லெட்டை 48 மணி நேரம் கழிச்சே மறுபடி கொடுக்கலாம், வருஷத்துக்கு 24 தடவை வரை.