மறு: கொலாஜுக்குத் தமிழில் என்ன? – பசையில்லாத ஒட்டு

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

பல படங்களை வெட்டி ஒன்றாகச் சேர்க்கும் கொலாஜுக்குத் தமிழில் என்ன சொல் என்று ஓடுகிற இந்த இழையை நான்கு நாளாகப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பதில் எழுத உட்கார்ந்தால் என் பிளெக்ஸ், அச்சுக் கடையில் முகூர்த்த வேலை வந்துவிடுகிறது. இன்றைக்குத்தான் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. மடல் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> கல்லூரிப் பயிற்சிப் பட்டறைக்குக் கையேடு எழுதுகிறேன். பாப் ஆர்ட், சர்ரியலிசம் பாணியில் டிஜிட்டல் போட்டோ கொலாஜ் செய்வது பற்றி. தலைப்பிலேயே எல்லாச் சொல்லும் இங்கிலீஷாக நிற்கிறது. கொலாஜுக்காவது ஒரு நல்ல தமிழ்ச்சொல் வேண்டும்.

தம்பி, ‘படத்தொகுப்பு’ என்று முதலில் ஒருவர் சொன்னாரே, அது ஆகாது. அந்தச் சொல்லை சினிமாக்காரர்கள் எடிட்டிங்குக்கு எடுத்துக்கொண்டு வெகுகாலம் ஆகிறது. மற்றவர்களுக்கு அது கல்யாண ஆல்பம். மாணவன் நாற்பது படத்தை வரிசையாக அடுக்கிக்கொண்டு வந்து நிற்பான்.

> கலம்பகம் என்று நம்மிடம் ஒரு சொல் இருக்கும்போது எதற்கு அலைகிறீர்கள்? பல உறுப்பு கலந்தது கலம்பகம். கதம்பமும் அதே வழிதான்.

ஐயா, கதம்பத்தை முதலில் தள்ளிவிடுகிறேன். கதம்பத்தில் மல்லிகை, கனகாம்பரம், மரு எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிற சரக்கு. யாரும் கதம்பத்துக்கு நடுவே ஒரு ஸ்பேனரை வைத்துக் கட்டுவதில்லை. கனவு போலச் சம்பந்தமில்லாதவற்றைச் சேர்க்கிற சர்ரியலிசக் கொலாஜ் என்பதே அந்த ஸ்பேனரை வைத்துக் கட்டுகிற வேலை.

கலம்பகத்தைத் தள்ள எனக்கு மனமே வரவில்லை. கலம்பகம் என்ற சிற்றிலக்கியத்தின் பதினெட்டு உறுப்புகளில் கள் குடித்தவன் பேசும் ‘களி’யும் இருக்கிறது, தவமும் இருக்கிறது. சித்து, மறம், ஊசல் எல்லாம் ஒரே நூலுக்குள். இந்தக் கலவைக்கு முன்னால் ஐரோப்பியர் செய்தது பெரிய அதிசயம் இல்லை என்று நீங்கள் எழுதியது நியாயம்தான். ஆனால் கையேட்டைப் படித்த பையன் ‘கலம்பகம்’ என்று கூகுளில் தேடினால் நந்திக்கலம்பகம் வந்து நிற்கும், பல்லவ மன்னனோடு. ஏற்கெனவே ஓரிடத்தில் உயிரோடு இருக்கிற சொல்லை இன்னோரிடத்துக்கு இழுத்தால் இரண்டு பக்கமும் குழப்பம். இன்னொன்று, கலம்பகம் கலப்பதைச் சொல்கிறது. வெட்டுவதைச் சொல்லவில்லை, சேர்ப்பதைச் சொல்லவில்லை. கொலாஜில் கை செய்கிற வேலை அந்த இரண்டும்தான்.

> டிஜிட்டலுக்கு ‘எண்ணிம’ சேர்த்து ‘எண்ணிமப் படவொட்டு’ என்று வைக்கலாமே? கொலாஜ் என்ற பிரெஞ்சுச் சொல்லே ஒட்டுதல்தானே.

அக்கா, ‘ஒட்டு’ என்று நீங்கள் சொன்னபோது நான் எதிர்க் கட்சி. ‘கொல்லெ’ என்றால் பசை போட்டு ஒட்டுவது, உண்மைதான். 1912-ல் பிக்காசோ, பிரம்பு நாற்காலிப் பின்னல் அச்சடித்த எண்ணெய்த்துணி ஒன்றைத் தன் ஓவியத்தில் அப்படியே ஒட்டி, சுற்றிலும் ஒரு கயிற்றைச் சட்டமாகக் கட்டினார். அதே ஆண்டு ஓவியர் பிராக், மரவரி அச்சிட்ட சுவர்த்தாளை வெட்டி ஒட்டினார். அங்கே பசை நிஜப் பசை. போட்டோஷாப்பில் எங்கே பசை இருக்கிறது? அதோடு கொலாஜில் கரைகண்ட சர்ரியலிச ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட்டே, இறகுதான் இறகுப்போர்வையை ஆக்குகிறது என்று வைத்துக்கொண்டாலும் கொலாஜை ஆக்குவது பசையல்ல என்று பிரெஞ்சில் சிலேடையாகச் சொல்லி வைத்திருக்கிறார். செய்தவரே பசை முக்கியமில்லை என்கிறபோது, பசையை மட்டும் மொழிபெயர்த்து என்ன பயன் என்று நினைத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை வரைக்கும் அதுதான் என் கட்சி.

அன்றைக்குக் கடையில் ஒரு காதுகுத்து பிளெக்ஸ் வேலை. ஒரு வயதுக் குழந்தையைச் சிங்கத்தின் மேல் உட்கார வைக்க வேண்டும். தாய்மாமன் அனுப்பியது வாட்ஸ்அப் படம். குழந்தை இருப்பது பிளாஸ்டிக் நாற்காலியில். எங்கள் பையன் பென் டூலில் சுற்றி வெட்டினான், விளிம்பு மென்மையாக ஒரு பிக்சல் ஃபெதர் கொடுத்தான், வேண்டாத இடம் மறைய மாஸ்க் போட்டான், சிங்கத்தின் பிடரி மயிரைக் குழந்தையின் முழங்கால் மேல் கொஞ்சம் படர விட்டான், அடியில் நிழல் வைத்தான். அப்புறம் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்துவிட்டு, “இப்ப உட்காந்துருச்சு சார்” என்றான். எங்கள் தொழிலில் வெட்டிய படம் பொருந்திவிட்டால் ‘உட்காந்துருச்சு’, பொருந்தாவிட்டால் ‘உட்காரல’. ஒரு கணம், ‘உட்கார்வை’ என்றே சொல் செய்துவிடலாமா என்று தோன்றியது. சிரிக்காதீர்கள்.

அந்தப் பையனிடம் பிரிட்டிஷ் ஓவியர் ரிச்சர்ட் ஹாமில்டனின் 1956 கொலாஜைக் காட்டினேன். லண்டன் வைட்சாப்பல் கேலரியில் நடந்த ஒரு கண்காட்சிக்காக, அதன் கேட்லாக்கிலும் போஸ்டரிலும் போட என்று செய்தது. விளம்பரம், காமிக்ஸ் போன்ற வெகுஜனப் படங்களை எடுத்தாளும் பாப் கலை என்றால் எல்லோரும் முதலில் எடுத்துக் காட்டுகிற படம். மூலம் ரொம்பச் சின்னது; ஏ4 தாளைவிட உயரம் குறைவு, அகலம் கொஞ்சம் கூடுதல். அதற்குள் ஒரு வீட்டுக் கூடம். ஜட்டியோடு நிற்கிற பயில்வான் கையில் டென்னிஸ் மட்டை அளவுக்கு ஒரு லாலிபாப், அதில் ‘பாப்’ என்று எழுத்து. சோபாவில் விளக்குக் குடையைத் தொப்பியாகப் போட்ட ஒரு பெண். மேசையில் டப்பாவில் அடைத்த பன்றி இறைச்சி. சுவரில் சட்டம் போட்டு மாட்டிய காதல் காமிக்ஸ் அட்டை. எல்லாமே பெரும்பாலும் அமெரிக்கப் பத்திரிகை விளம்பரங்களிலிருந்து வெட்டியவை.

பையன் அரை நிமிடம் பார்த்தான். “ஒட்டு தெரியுதே சார். நான் வேணா சரி பண்ணித் தரவா?” என்றான்.

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. ஹாமில்டனுக்கு ஒட்டு தெரிய வேண்டும். இது விளம்பரம், இது இன்னொரு விளம்பரம், இரண்டும் ஒரே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கின்றன என்று பார்ப்பவனுக்குத் தெரிந்தால்தான் அந்தக் கிண்டல் வேலை செய்யும். எர்ன்ஸ்ட் செய்தது இதற்கு நேர் எதிர். 1934-ல் வந்த அவருடைய கொலாஜ் நாவலில், பத்தொன்பதாம் நூற்றாண்டு மரச்செதுக்குப் படங்களை வெட்டி, மனித உடலுக்குப் பறவைத் தலை வைத்தார். மூலப்படங்கள் எல்லாம் ஒரே மாதிரி நுணுக்கக் கோட்டில் செதுக்கியவை. ஒட்டியதை அப்படியே காட்டாமல் மறுபடி அச்சுக்கட்டையாக்கி அச்சடித்ததில், தாளின் விளிம்பு கண்ணிலிருந்து போய்விட்டது. பார்ப்பவனுக்கு அது வெட்டி ஒட்டிய படமாகத் தெரியாது. கனவில் வந்த ஆளாகத் தெரியும்.

ஆக ஒட்டில் இரண்டு வகை. தமிழில் ‘ஒட்டு’க்கும் இந்த இரண்டு பொருளும் ஏற்கெனவே இருக்கின்றன! சட்டைக்கு ஒட்டுப் போடுகிறோம். மாஞ்செடிக்கு ஒட்டுக் கட்டுகிறோம். ஒட்டுப்போட்ட சட்டையில் துணி வேறு, நிறம் வேறு, தையல் வேறு என்று பளிச்சென்று தெரியும். ஒட்டுமாவில் அப்படி இல்லை. எங்கள் ஊரில் நெருக்கு ஒட்டுக் கட்டுவதைச் சின்ன வயதில் கிட்டே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தொட்டிச் செடியைத் தாய்மரக் கிளைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, இரண்டிலும் ஒரே அளவுக்குப் பட்டையைச் சீவி, முகத்தோடு முகம் வைத்து இறுக்கிக் கட்டிவிடுவார்கள். பசை கிடையாது. ஒட்டுப் பிடித்ததும் மேலே ஒன்றையும் கீழே ஒன்றையும் வெட்டிவிட்டால் நாட்டு மாவின் வேரில் வேறு ரகம் காய்க்கும். கூர்ந்து பார்த்தால் தண்டில் ஒரு வீக்கம் மட்டும் தெரியும்.

பாப் கொலாஜ் ஒட்டுப்போடுவது, சர்ரியல் கொலாஜ் ஒட்டுக்கட்டுவது. பசையில்லாத ஒட்டு நம்மிடம் இருக்கும்போது எர்ன்ஸ்ட்டின் ஆட்சேபம் பிரெஞ்சுக்குத்தான் பொருந்தும், தமிழுக்கு இல்லை. அக்கா சொன்னது சரி, நான்தான் தப்பு.

ஆனால் ‘படவொட்டு’ வாயில் நிற்கவில்லை. சுவரொட்டி, நெற்றிப்பொட்டு என்று எங்கெங்கோ இழுக்கிறது. ‘ஒட்டோவியம்’ ஒலி அழகாக இருக்கிறது. ஆனால் தூரிகை பிடிக்காத போட்டோ வேலைக்கு ஓவியம் என்றால் மாணவனுக்கு இடறும். ‘வெட்டொட்டு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைக் கேட்டால் அடுத்தவன் கட்டுரையைத் திருடியவன் நினைவுதான் வருகிறது. ‘ஒட்டுப்படம்’ போதும். ஒட்டுமா, ஒட்டுச்செடி, ஒட்டுத்துணி இருக்கிற வரிசையிலேயே வந்து சேர்ந்துகொள்ளும். ஒட்டுப்படக் கலைஞர், ஒட்டுப்படம் செய்தாள் என்று நீட்டினாலும் முறியவில்லை. போட்டோவால் செய்தால் ‘ஒளிப்பட ஒட்டு’. தாளிலா கணினியிலா என்று பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் ‘எண்ணிம’ சேர்த்தால் போதாதா? இன்றைக்குப் பட்டறையில் யார் கத்தரிக்கோல் எடுத்து வரப்போகிறார்கள்?

போட்டோத் துண்டுகளைப் பொருத்திச் செய்கிற போட்டோமான்டாஜுக்கும் இதே சொல்லா என்று தம்பி கேட்டிருந்தார். வேண்டாம். முதல் உலகப் போர் முடிந்த கையோடு பெர்லினில் ஹன்னா ஹோஹ், ஹவுஸ்மன் முதலான ‘தாதா’ கலை இயக்கத்தார் ‘மான்டாஜ்’ என்ற சொல்லை வேண்டுமென்றே எடுத்தார்கள். அது ஒர்க் ஷாப் சொல். பாகங்களை மாட்டுகிற ஃபிட்டரின் வேலை. கலைஞன் என்ற பட்டத்தை உதறிவிட்டு ஃபிட்டர் பட்டத்தைக் கேட்டவர்களுக்கு ‘பொருத்து’தான் சரி. ஒளிப்படப் பொருத்து.

மற்ற இரண்டையும் சுருக்கமாக முடிக்கிறேன். ‘பாப்’ அப்படியே இருக்கட்டும், இலங்கை நண்பர்கள் ‘பொப்’ என்று எழுதட்டும். ‘மக்கள் கலை’ என்று மாற்றினால் கரகாட்டமும் தெருக்கூத்தும் வந்து நிற்கும். சர்ரியலிசத்துக்கு ‘மீயதார்த்தம்’ சிற்றிதழ் பக்கம் புழங்குகிற சொல்தான், அதற்குமேல் தோண்ட வேண்டாம்.

கையேட்டுக்குள் வருகிற ஒன்றை மட்டும் விட முடியவில்லை. லேயர் மாஸ்க்கை ‘அடுக்கு முகமூடி’ என்று எழுதியிருக்கிறீர்கள். லேயருக்கு ‘அடுக்கு’ நல்ல சொல். 1994-ல் போட்டோஷாப் 3.0-ல் அடுக்குகள் வந்த பிறகுதான் இந்த வேலையே நிம்மதியானது. அதற்கு முன் வைத்தது வைத்ததுதான், நகர்த்த முடியாது. ஆனால் முகமூடி எங்கிருந்து வந்தது? கறுப்பு பூசிய இடம் மறைகிறது, வெள்ளை பூசினால் திரும்பத் தெரிகிறது, மூலப்படம் பத்திரமாக இருக்கிறது. ‘மறைப்பு’ என்று எழுதுங்கள். ‘மறைப்பில் கறுப்பு பூசு’ என்றால் மாணவனுக்குக் கை தானாகப் போகும். ‘முகமூடியில் கறுப்பு பூசு’ என்றால் கொள்ளைக்காரன் கதை.

அச்சில் நிறத்தை உருவாக்குகிற ஹாஃப்டோன் புள்ளிகளுக்கு ‘அரைத்தொனி’ வேண்டாம், ‘அச்சுப்புள்ளி’ போதும். பாப் கலைஞர் லிக்டென்ஸ்டைன் பாணிக்கு அந்தப் புள்ளியைக் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் பெரிதாக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு மையின் புள்ளி வரிசைக் கோணத்தை ஏனோதானோ என்று வைத்தால் தேவையில்லாத அலைக்கோலம் விழும். எங்கள் அச்சுக்கூடத்தில் கறுப்புக்கு 45, மஜெந்தாவுக்கு 75, சயானுக்கு 15, மஞ்சளுக்கு 0 பாகை. அதையே மாணவர்களுக்கும் கொடுக்கலாம்.

என் பரிந்துரைத் தலைப்பு: ‘பாப் கலை, மீயதார்த்த வழியில் ஒளிப்பட ஒட்டு செய்வது’. உள்ளே முதல் பயிற்சி ஒட்டுப்போடுதல், இரண்டாவது ஒட்டுக்கட்டுதல். அதே பத்துப் படங்களை இரண்டு விதமாகவும் செய்யச் சொல்லுங்கள். ஐயாவுக்கு மறுப்பு இருந்தால் எழுதட்டும், கலம்பகத்தை விட்டதில் எனக்கே கொஞ்சம் வருத்தம்தான்.

கடைசியாக, அச்சுக்குக் கொடுக்கும்முன் மெய்ப்பை நீங்களே ஒரு முறை பாருங்கள் தம்பி. ‘ஒ’வுக்குக் கீழே ஒரு சுழி கூடிப்போனால் ‘ஓட்டுப்படம்’ ஆகிவிடும். அப்புறம் பட்டறைக்கு வேறு ஆட்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

அன்புடன்,
கடைக்காரன்