1957 மோரிஸ் மைனர்: பெயின்ட்டைச் சுரண்டுவதா, அப்படியே விடுவதா?

மாமரநிழல்:
1957ஆம் ஆண்டில் தயாரான மோரிஸ் மைனர் 1000 ஒன்றைக் குடும்பமாகச் சேர்ந்து வாங்கியிருக்கிறோம். எஞ்சின் ஓடுகிறது. பெயின்ட் மங்கிப்போய், மட்கார்டு ஓரங்களில் துரு தெரிகிறது. முழுவதையும் பிரித்து, வெறும் தகடு தெரியும்வரை சுரண்டிப் புதிதாகப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்கிறான் மகன். தொழிற்சாலையில் அடித்த பெயின்ட்டில் கை வைக்கக் கூடாது என்கிறார் அப்பா. காட்சிக்கு நிறுத்தும் எண்ணம் எங்களுக்கு இல்லை. விடுமுறை நாட்களில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

துருநேசன்:
உங்கள் அப்பா சொல்வதே சரி. பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீவா 2012இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம், இருப்பதை அப்படியே காப்பதற்கு முதலிடமும் புதுப்பிப்பதற்கு அதற்குப் பின்னான இடமும் தருகிறது. 2024இல் அமெரிக்காவின் பெபிள் பீச் கார் கண்காட்சியின் தலையாய பரிசைப் புதுப்பிக்கப்படாத 1934ஆம் ஆண்டு புகாட்டி டைப் 59 ஒன்று வென்றது. பளபளப்புக்கே பரிசு என்றிருந்த மேடையில் அது பெரிய மாற்றம். மங்கிய பெயின்ட்டை மெழுகு போட்டுக் காப்பாற்றலாம். சுரண்டிவிட்டால் திரும்ப வராது.

பட்டறைக்காரன்:
புகாட்டியைக் காட்டி மைனருக்குத் தீர்ப்பு எழுதுவது பொருந்தாது, நண்பரே. விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் செய்யப்பட்ட பந்தயக் கார் அது. பத்து லட்சத்துக்கும் மேல் விற்ற குடும்பக் கார் இது. தவிர, மைனருக்குத் தனிச் சேசிஸ், அதாவது உடலைத் தாங்கும் தனி அடிச்சட்டம், கிடையாது. கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சில் பகுதியும், தரைக்கு அடியில் செல்லும் குறுக்குச் சட்டமும், பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடமும் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. இவை மூன்றும் உள்ளிருந்து வெளியே துருப்பிடிப்பவை. ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிச் சில் பகுதியின் மேல் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். பிடிப்பு விடுகிற இடத்தில் தகடு இல்லை, ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டிதான் இருக்கிறது. அதை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்யும்போது சுற்றியுள்ள பெயின்ட் கருகத்தான் செய்யும். பாதி கருகிய பெயின்ட்டை யாருக்காகக் காப்பாற்றுவது?

துருநேசன்:
பத்து லட்சம் விற்ற வண்டி என்பதால்தான் அவற்றில் பெரும்பாலானவை ஒரு முறையாவது பெயின்ட் மாற்றப்பட்டுவிட்டன. முதல் பெயின்ட்டோடு மிஞ்சியவை குறைவு. வெல்டிங் தேவைப்படும் இடத்தில் செய்யட்டும், அந்த இடத்துக்கு மட்டும் பெயின்ட் அடிக்கட்டும். நிறம் சற்று வேறுபட்டால் என்ன? பழுது பார்த்த இடம் தெரிவதில் குற்றம் ஒன்றும் இல்லை. காலில் முள் குத்தியதற்கு உடம்பு முழுவதும் கட்டுப் போடச் சொல்கிறீர்கள்.

நாச்சியார்:
இருவரும் நிறத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த வீட்டில் பிள்ளைகள் இருப்பது யாருக்கும் நினைவில் இல்லை. அந்தக் காலப் பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு மிக அதிகம். உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூள் தரையிலும் துணியிலும் படிந்து வீட்டுக்குள் வரும், ஈயம் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆகவே சுரண்டும் வேலையை மகன் வீட்டில் செய்ய வேண்டாம். சக்கரத்தின் டிரம்முக்குள் உரசி வண்டியை நிறுத்தும் பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால், டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்துத் தூசியை ஊதும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஈரத் துணியால் துடைத்து, துணியை மூடிக் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

பட்டறைக்காரன்:
அம்மா சொல்வது முழுக்கச் சரி. பிள்ளைகள் ஏறும் வண்டி என்பதால் இன்னும் சிலவற்றைச் சொல்கிறேன். முன்சக்கரத்தைத் தாங்கும் டிரன்னியன் என்ற மரையிட்ட இணைப்புக்கு ஒழுங்காகக் கிரீஸ் அடிக்காவிட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் சக்கரம் பக்கவாட்டில் மடிந்துவிடும். மைனர் வைத்திருப்பவர்கள் முதலில் கேட்கும் எச்சரிக்கை இதுதான். மிதியை அழுத்தும்போது பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடித் தரைக்குக் கீழே ஒளிந்திருப்பதால் பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று என்பதால் ஒரு குழாய் கசிந்தால் கால் பிரேக் முழுவதும் போய்விடும். என் கருத்தில், முன்னால் டிஸ்க் பிரேக், இரட்டைச் சுற்றுச் சிலிண்டர், சீட் பெல்ட் ஆகிய மூன்றும் இல்லாமல் பிள்ளைகளை ஏற்றக் கூடாது. பழமை பேசுகிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்களோ.

துருநேசன்:
பழமை பேசுகிறவன் மறுக்கவில்லை. மாற்றம் திருப்பி எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும், கழற்றிய பாகங்களைப் பாதுகாக்க வேண்டும் என்பதே சாசனத்தின் போக்கு. இரட்டைச் சுற்றுச் சிலிண்டர் வரட்டும். டிஸ்க் பிரேக்தான் எனக்கு உறுத்துகிறது: 948 சிசி எஞ்சின் தருவது 37 குதிரைத்திறன், புது ஷூ போட்டுச் சரியாக அட்ஜஸ்ட் செய்த டிரம் பிரேக் சமதரையில் இந்த வண்டிக்குப் போதும். நீண்ட மலை இறக்கம்தான் வழக்கமான பாதை என்றால் உங்கள் பக்கம் வருகிறேன். சீட் பெல்ட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. மூன்று முனை பெல்ட் வால்வோ கார்களில் வந்ததே 1959இல். இந்த வண்டியின் உடலில் அதற்கான பிடிமானம் கிடையாது. மெல்லிய தரைத் தகட்டில் துளைபோட்டு போல்ட் முடுக்கினால் மோதலில் தகடே கிழிந்துவிடும். தடித்த தகடு வைத்து வெல்டிங் செய்யத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

மாமரநிழல்:
அனைவருக்கும் நன்றி. காந்தத்தை ஓட்டிப் பார்த்தோம். இடதுபக்கச் சில் பகுதியில் ஒரு முழம் நீளத்துக்குப் பட்டிதான் இருக்கிறது. வெல்டிங் வேலை வெளியே நடக்கும், அங்கு மட்டும் பெயின்ட் அடிக்கப்படும்; மகன் இதற்கு அரைமனதாகச் சம்மதித்திருக்கிறான். கதவுத் தூணிலிருந்து கைபோல் நீண்டு திரும்பும் திசையைக் காட்டும் டிராஃபிகேட்டர் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. மினுக்கும் இண்டிகேட்டர் இல்லாமல் பின்னால் வருகிறவருக்கு எப்படித் தெரியும் என்று என் மனைவி கேட்கிறாள், அப்பா காதில் வாங்கவில்லை.

பட்டறைக்காரன்:
டிராஃபிகேட்டரைக் கழற்ற வேண்டாம், அதே சுவிட்சில் இரண்டையும் இணைக்கலாம். இண்டிகேட்டர் விளக்கை பம்பர் பிராக்கெட்டில் மாட்டினால் உடலில் ஒரு துளைகூட விழாது. மைனருக்கு பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டியின் உடலோடு இணைந்திருக்கும் என்பதை வயரிங் செய்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்; விளக்கை மினுக்க வைக்கும் வழக்கமான எலக்ட்ரானிக் ஃபிளாஷரைத் தலைகீழாக இணைத்தால் அது உடனே கெட்டுப்போகும்.