மறு: குற்றத்தீர்ப்புப் பதிவைச் "சீல்" செய்வதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

> "முத்திரையிடல்" என்றே வைக்கலாமே? நாளிதழ்களில் "முத்திரையிட்ட உறை" வருகிறதே.

வணக்கம்.

உறைக்கு அது சரி. பதிவுக்கு ஒத்துவராது. ஓர் ஆவணத்தில் முத்திரை விழுந்தால் அது எங்கும் செல்லுபடியாகும் என்றுதான் நம்மவர் எடுத்துக்கொள்வார்கள். இங்கே சொல்ல வேண்டியது அதற்கு நேர்மாறு: பழைய குற்றத்தீர்ப்புப் பதிவைப் பொதுமக்கள் பார்க்க முடியாமல் செய்வது. நியூயார்க் சட்டத்தைப் பற்றி நாம் எழுதும் துண்டறிக்கையில், "நீதிமன்றத்திலிருந்து முத்திரையிட்ட தீர்ப்பு நகல் ஒன்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்" என்றும் எழுதப்போகிறோம். ஒரே பக்கத்தில் ஒரே சொல் இரண்டு எதிர்ப்பொருளில் நின்றால் படிப்பவர் தடுமாறுவார். "சீல் வைத்தல்" எல்லாருக்கும் புரியும்தான், ஆனால் கடைக்குச் சீல் வைப்பது தண்டனை, இது நிவாரணம்.

> அப்படியானால் "பதிவு நீக்கம்"?

இருப்பதிலேயே ஆபத்தானது இதுதான். பேரவையில் பேசியதை "அவைக்குறிப்பிலிருந்து நீக்கினார்கள்" என்கிறோம். நீக்கியது குறிப்பில் இராது. பதிவையே அழிக்கும் ஆணைக்கு அந்தச் சொல்லை ஒதுக்கி வைப்போம். நியூயார்க் சட்டத்தில் பதிவு அழிவதே இல்லை. நீதிமன்றம், காவல்துறை, அரசு வழக்கறிஞர், துப்பாக்கி உரிமம் தரும் அலுவலர் ஆகியோர் பார்க்கலாம். குழந்தைகள், முதியோர் பராமரிப்பு போலக் கைரேகைச் சோதனை சட்டப்படி நடக்கும் வேலைகளில் அமர்த்துவோரும் பார்க்கலாம்.

நம் வாசகர்களில் பச்சை அட்டைக்காரர்கள் (நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்றவர்கள்) பலர். அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் கூட்டாட்சிச் சட்டம். குற்றத்தீர்ப்புக்கு அதில் தனி வரையறை உண்டு. மாநிலம் தரும் இந்த நிவாரணத்தால் அந்த வரையறைப்படியான தீர்ப்பு பொதுவாக மறைந்துவிடாது. குடியுரிமைக்கான என்-400 படிவமும் இப்படிப்பட்ட பதிவுகளைச் சேர்த்தே கேட்கிறது. "நீக்கம்" என்று படித்தவர் அங்கே "இல்லை" என்று குறித்துவிட்டால், பழைய சிறுகுற்றத்தைவிடப் பொய்த்தகவல் தந்தது பெரிய வழக்காகிவிடும். ஒரு சொல்லால் ஒருவருடைய குடியுரிமை போகக்கூடாது.

"மறைப்பு" வேண்டாம். "உண்மையை மறைத்தல்" என்று படித்துப் பழகிய கண்ணுக்கு, சம்பந்தப்பட்டவரே எதையோ ஒளித்ததாகப் படும்.

என் பரிந்துரை "பார்வைவிலக்கு". பென்சில்வேனியாவின் 2018ஆம் ஆண்டுச் சட்டமே சீல் என்ற சொல்லைத் தலைப்பில் வைக்காமல், "வரையறுத்த அணுகல்" என்று பொருள்படும் தொடரைத்தான் வைத்திருக்கிறது. பதிவு இருக்கிறது, யார் பார்க்கலாம் என்பதுதான் மாறுகிறது.

——

> என் பரிந்துரை "பார்வைவிலக்கு".

திசை சரி, ஈறு சரியில்லை. வரிவிலக்கு என்றால் வரி கட்டுவதிலிருந்து விலக்கு. அந்தப் பழக்கத்தில் "பார்வைவிலக்கு" என்பதைப் பார்வையிடுவதிலிருந்து யாருக்கோ தந்த சலுகை என்று படிப்பார்கள். "பொதுப்பார்வை விலக்கல்" என்றால் செயலும் தெரியும், யாருடைய பார்வை என்பதும் தெரியும்.

அதைவிட எனக்குக் கவலை துண்டறிக்கையில் வரும் "தகுதி" என்ற சொல்லைப் பற்றித்தான். நியூயார்க்கில் 2017 முதல் இருக்கும் வழி நீதிமன்றத்துக்கு மனு போடுவது. பத்து ஆண்டு கழிய வேண்டும். மொத்தம் இரண்டு குற்றத்தீர்ப்புக்கு மேல் இருக்கக்கூடாது, அதில் பெருங்குற்றம் ஒன்றுக்கு மேல் கூடாது. நீதிபதி மறுக்கவும் செய்யலாம். அங்கே தகுதி மனிதருக்கு. 2024 நவம்பர் 16 முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்தில் சிறுகுற்றத்துக்கு 3 ஆண்டு, பெருங்குற்றத்துக்கு 8 ஆண்டு, மனு தேவையில்லை. பாலியல் குற்றங்களும், போதைப்பொருள் தவிர்த்த ஏ வகைப் பெருங்குற்றங்களும் (மிகக் கடுமையானவை) சேரா. இங்கே தகுதி பதிவுக்கு. "நீங்கள் தகுதியானவரா?" என்று தலைப்பிட்டால், எங்கோ போய் விண்ணப்பிக்க வேண்டும் என்று நினைத்து, அதற்கும் ஒரு முகவருக்குப் பணம் கொடுப்பார்கள்.

மனுமுறையில் எவ்வளவு பேர் விடுபட்டுப்போகிறார்கள் என்பது மிச்சிகன் தரவில் தெரிந்தது: தகுதி பெற்று ஐந்து ஆண்டுக்குள் நிவாரணம் வாங்கியவர்கள் 6.5 விழுக்காடு மட்டுமே. அதனால் "தகுதி விரிவாக்கம்" என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், "மனுத்தகுதி", "பதிவுத்தகுதி" என்று பிரித்துவிடலாம். எந்தக் குற்றம், எத்தனை தீர்ப்பு, எத்தனை ஆண்டு என்பவை விரிவது ஒன்று. மனுவே தேவையில்லாமல் போவது வேறு.

"காத்திருப்புக் காலம்" அப்படியே இருக்கட்டும். ஆனால் அது தொடங்கும் நாளைச் சேர்த்தே எழுத வேண்டும். சிறை சென்றவருக்கு விடுதலையான நாளிலிருந்து கணக்கு. கைதான நாளிலிருந்து அல்ல. நிலுவையில் வழக்கு இருந்தாலோ, பரோலிலோ நன்னடத்தைக் கண்காணிப்பிலோ இருந்தாலோ, ஆண்டு முடிந்தும் பயனில்லை.

——

> "பொதுப்பார்வை விலக்கல்" என்றால் செயலும் தெரியும்

ஏற்கிறேன். வினையாக "பொதுப்பார்வையிலிருந்து விலக்கினர்" என்று இயல்பாக வருகிறது. சொற்பட்டியலில் "பதிவு அழிப்பு" என்பதைப் பக்கத்திலேயே தனிப்பதிவாக வைப்போம். மிச்சிகனில் தீர்ப்பையே செல்லாததாக்கி ஒதுக்கிவைக்கிறார்கள். அதற்கு "தீர்ப்பு ஒதுக்கல்". மூன்றையும் ஒன்றாக்க வேண்டாம்.

துண்டறிக்கையில் இரண்டு எச்சரிக்கைகள் தடித்த எழுத்தில் வர வேண்டும். 2024இல் சட்டம் நடப்புக்கு வந்தாலும், பழைய பதிவுகளை விலக்கி முடிக்க நீதிமன்ற நிர்வாகத்துக்கு 2027 நவம்பர் 16 வரை அவகாசம் உண்டு. பெயர் இன்னும் தெரிகிறது என்றால் தகுதியில்லை என்று பொருளல்ல. அடுத்தது, பின்னணிச் சோதனை நிறுவனங்கள் முன்பே வாங்கி வைத்த நகல்கள். நீதிமன்றம் விலக்கினாலும் அவர்களுடைய தரவுத்தளத்தில் பழையது கிடக்கும். அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, எழுத்தில் மறுப்புத் தெரிவித்தால், பொதுவாக 30 நாளுக்குள் அவர்கள் மறுபடி சரிபார்த்தாக வேண்டும்.

வரைவு வாக்கியம்: "பொதுப்பார்வையிலிருந்து விலக்கிய பதிவு அழிந்துவிடவில்லை. பெரும்பாலான தனியார் வேலைகளுக்கான சோதனையில் அது வராது. குடிவரவுப் படிவங்களில் கேட்டால் சொல்லியே ஆக வேண்டும். நிரப்புமுன் குடிவரவு வழக்கறிஞரைக் கேளுங்கள்."