கரூர் அகழ்வைப்பகமும் அட்டாலியில இருக்கிற பழைய காசும்

எல்லாருக்கும் வணக்கமுங்க.

போன மாசம் ஊருக்குப் போனப்போ மகளைக் கூட்டிக்கிட்டு கரூர் அகழ்வைப்பகத்துக்குப் போனேன். சின்ன இடம்தான், அரை மணியில சுத்தி வந்துடலாம். நாங்க ரெண்டு மணி நேரம் இருந்தோம். பாதி நேரம் காசுகளுக்கு முன்னாடியே போயிருச்சு.

நம்ம அமராவதி ஆத்து மணல்ல கிடைச்ச காசுக எத்தனை விதம்! கொல்லிப்பொறை, கொல்லிரும்பொறைன்னு தமிழிங்கிற பழைய தமிழ் எழுத்துல பேர் வெட்டின சேரர் செப்புக்காசு, தலை உருவத்தோட மாக்கோதை வெள்ளிக்காசு, கடல் தாண்டி வந்த ரோமானியக் காசு. மணல் சலிக்கிறவங்க கையில சிக்கினதுதான் நெறைய.

எங்க அப்புச்சி வீட்டுலயும் ஒரு போசியில இப்படிச் செப்புக்காசுக கிடந்துச்சுங்க. ஆத்துல பொறுக்கினது. வீடு மாத்துறப்போ பழைய பித்தளையோட சேர்த்து எடைக்குப் போட்டுட்டாங்க. அதுல எழுத்து இருந்துச்சான்னு ஒருத்தரும் பார்க்கல. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னப்போ எனக்கு மனசு ஆறவே இல்ல.

மறுநாள் வேலாயுதம்பாளையம் ஆறுநாட்டான் மலை ஏறினோம். அங்க இருக்கிற புகளூர்க் கல்வெட்டை எல்லாரும் ஒருக்காவாவது பார்க்கணும். யாற்றூர்ச் செங்காயபன்கிற சமணத் துறவிக்குப் பாறையில கல் படுக்கை வெட்டிக் குடுத்த சேதி. கோ ஆதன் செல்லிரும்பொறை, அவர் மகன் பெருங்கடுங்கோ, பேரன் இளங்கடுங்கோன்னு மூணு தலைமுறை அதுல இருக்கு. புறநானூறு 11-ல பேய்மகள் இளவெயினி பாடின சேரனுக்கும் பெருங்கடுங்கோன்னுதான் பேர். அவனோட தலைநகர் வஞ்சியில பொண்ணுக ஆத்து மணல்ல பாவை செஞ்சு, அதுக்குப் பூப் பறிச்சு வச்சுட்டு, பொருநையில பாய்ஞ்சு ஆடுவாங்களாம். இங்க பொருநைன்னா தாமிரபரணி இல்லீங்க, ஆன்பொருநைன்னு சொல்ற நம்ம அமராவதிதானுங்க. பாறை நெழல்ல உட்கார்ந்து இதைச் சொன்னதும், "அந்த ஆத்துக்கு இப்பவே போலாம்"னு மக எந்திரிச்சுட்டா. நாம குளிச்ச துறையில சாயத்தண்ணி நுரைச்சுக் கிடந்ததால எறங்கவிடல. கரையிலயே நின்னுட்டு வந்தோம்.

ஒரே ஒரு வேண்டுகோளுங்க. ஊர்ல பெரியவங்க வீட்டு அட்டாலியில பழைய காசு இருந்தா எடைக்குப் போடவேண்டாம்னு இன்னைக்கே போன் பண்ணிச் சொல்லுங்க. புளி போட்டுத் தேய்க்கவும் வேண்டாம், இருக்கிற எழுத்தும் அழிஞ்சிரும். அப்படியே கொண்டுபோய் தொல்லியல் துறைக்காரங்ககிட்ட காட்டச் சொல்லுங்க. பொங்கலுக்கு நான் மறுபடி வர்றேன். கூட்டிக்கிட்டுப் போக ஆள் இல்லைன்னா எனக்கு எழுதுங்க, நானே கூட வர்றேன்.